துபாய்ல லெபனீஸ் சாப்பாடு: புதுசா வந்தவங்க எங்க ஆரம்பிக்கணும், எப்படி ஆர்டர் பண்ணணும்

துபாய்க்கு வேலைக்கு வந்த நம்மாளுங்க நிறைய பேரு கராமா, மீனா பஜார்னு நம்ம ஊர் கடைங்க இருக்கற ஏரியா தாண்டி சாப்பிடவே போறதில்ல, அப்புறம் ஒருநாள் ஆபீஸ்ல டீம் டின்னர்னு ஒரு லெபனீஸ் ரெஸ்டாரன்ட்டுக்கு கூட்டிட்டுப் போவாங்க, மேசை முழுக்க சின்னச் சின்ன தட்டா வந்து நிரம்பும், எது என்னன்னு கேக்க கூச்சப்பட்டுட்டு ஹம்மூஸ்ங்கற கொண்டைக்கடலை மசியலையும் ரொட்டியையும் மட்டுமே தின்னு வயித்த நிரப்பிட்டு, கடைசில கிரில் வரும்போது ஒரு துண்டு கூட இறங்காம உக்காந்திருப்பாங்க. இதத் தவிர்க்கத்தான் இத எழுதுறேன்.

ஒரே ஒரு விஷயம் மனசுல வச்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் தானா வந்துரும். லெபனீஸ் மேசைல மெயின் டிஷ்னு ஒன்னத் தேடாதீங்க. மெஸ்ஸேன்னு சொல்ற அந்த சின்னத் தட்டுங்களத்தான் சாப்பாடுன்னே சொல்லணும், அத இலைல ஓரமா வைக்கிற கூட்டு பொரியலா நினைச்சு சோறு எப்ப வரும்னு காத்திருந்தா ராத்திரி பூரா காத்திருக்க வேண்டியதுதான். ஆளுக்கு ஒன்னுன்னு ஆர்டர் பண்றதும் கிடையாது, எல்லாமே நடுவுல வச்சு எல்லாரும் எடுத்துக்கறது.

முதல்ல கடைய சரியா பிடிங்க

போர்டுல "அரபிக் ரெஸ்டாரன்ட்"னு இருந்தா அது லெபனீஸ்னு அர்த்தம் இல்ல. மந்திங்கற கறிச்சோறு ஏமன் நாட்டு சாப்பாடு, மச்பூஸ்ங்கற மசாலா கறிச்சோறு வளைகுடாக்காரங்களோடது, கோஷரின்னு அரிசி, பருப்பு, பாஸ்தா கலந்தது எகிப்து, மஸ்கூஃப்னு மீனத் திறந்து நெருப்பு பக்கத்துல நிறுத்தி சுடுறது இராக். லெபனீஸ் கடைல போய் மந்தி கேட்டா வெயிட்டர் சிரிச்சுக்கிட்டே இல்லம்பார், அவ்வளவுதான். சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் சாப்பாடு மட்டும் லெபனீஸோட நல்லா கலந்து போகும், ஹம்மூஸ் யாரோடதுன்னு அவங்களுக்குள்ளயே சண்டை உண்டு. 2010ல லெபனான்ல 10,452 கிலோ ஹம்மூஸ் ஒரே தட்டுல போட்டு கின்னஸ் சாதனை பண்ணாங்க, எதுக்கு அந்த நம்பர்னா லெபனானோட பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர். அந்த அளவுக்கு அவங்களுக்கு அது மானப் பிரச்சினை, அதனால லெபனான்காரர் பக்கத்துல உக்காந்து ஹம்மூஸ் எந்த நாட்டுதுன்னு விவாதம் ஆரம்பிக்காதீங்க.

1975ல இருந்து 1990 வரைக்கும் நடந்த உள்நாட்டுப் போர்ல லெபனான்காரங்க உலகம் பூரா சிதறிப் போனாங்க, வளைகுடாவுக்கும் நிறைய பேர் வந்தாங்க, துபாய்ல முக்குக்கு முக்கு லெபனீஸ் கடை இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். கராமால இருக்கறவங்களுக்கு கிட்ட இருக்கறது சத்வா, அங்க செகண்ட் டிசம்பர் ஸ்ட்ரீட். பழைய பேரு தியாஃபா ரோடு, டாக்ஸிக்காரர்கிட்ட பழைய பேரச் சொன்னாலும் போவார். அந்த ரோட்டுல அல் மல்லான்னு ஒரு பழைய கடை, ஷவர்மா, ஜூஸுக்கு பேர் போனது. டேரா பக்கம்னா ரிக்கா, முரக்கபாத் ரெண்டு ஏரியாவும் ராத்திரி நேரம் கடை கடையா ஜொலிக்கும், ரிக்காவுக்கு மெட்ரோ ரெட் லைன்லயே ஸ்டேஷன் இருக்கு, இறங்கி நடந்தா போதும்.

பெரிய ரெஸ்டாரன்ட்டுக்கு நேரா போகாதீங்க, பேக்கரில ஆரம்பிங்க

இது என் சொந்த அபிப்பிராயம்தான், ஆனா புதுசா வர்ற யாருக்கும் இதத்தான் சொல்வேன். லெபனீஸ் பேக்கரின்னா கேக் பஃப்ஸ் கடை இல்ல, மனாகிஷ் சுடுற அடுப்புக் கடை. காலைல போங்க. மாவத் தட்டி மேல ஏதாவது தடவி அடுப்புக்குள்ள விடுவாங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல வெளிய வந்துரும், அத மடிச்சு பேப்பர்ல சுத்திக் குடுப்பாங்க, சுமாரா 10லிருந்து 20 திர்ஹம்குள்ள முடியும். மெனுவ விரல்ல காட்டினாலே போதும், தப்பா ஆர்டர் பண்ணினாலும் பெரிய நஷ்டம் இல்ல.

முதல் தடவை ஸாத்தர் மனாகிஷ் வாங்குங்க. ஸாத்தர்ங்கறது காட்டுத் தைம் (thyme) மாதிரி ஒரு வாசனை இலை, சுமாக், எள்ளு, உப்பு எல்லாம் கலந்த பொடி, ஆலிவ் எண்ணெய்ல குழைச்சு தடவுவாங்க. சுமாக் ஒரு சிவப்பு புளிப்புப் பொடி, லெபனீஸ் சமையல்ல பாதி இடத்துல புளிப்பு இதுலருந்துதான் வருது. அடுத்தது சீஸ், அக்காவின்னு ஒரு வெள்ளை சீஸ் போடுவாங்க. முடிவு பண்ண முடியலன்னா பாதி ஸாத்தர் பாதி சீஸ்னு கேளுங்க, பெரும்பாலான பேக்கரில போட்டுத் தருவாங்க. உள்ள தக்காளி, வெள்ளரிக்கா, புதினா, ஆலிவ் வச்சு மடிச்சுத் தரச் சொன்னா ரொம்பவே நல்லாருக்கும், சில கடைல அதுக்கு ஒன்னு ரெண்டு திர்ஹம் கூட கேப்பாங்க. லஹம் பி அஜீன்னு இருந்தா அது கறி போட்டது, மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடணும்.

ஷவர்மா பத்தி ரெண்டு வார்த்தை

தெருமுனை கஃபெட்டேரியா ஷவர்மால ஃபிரைஸ், மயோனைஸ், கெட்சப்னு என்னென்னமோ திணிச்சிருக்கும், அதுவும் ஒரு ருசிதான், நான் குறை சொல்ல மாட்டேன். லெபனீஸ் கடை கணக்கு வேற. சிக்கன்னா தூம், அதாவது பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டும் போட்டு வெள்ளை வெளேர்னு நுரைக்க அடிச்ச சாஸ், கூட ஊறுகாய். கறின்னா தூம் வராது, தரத்தூர்னு எள்ளு விழுதுல பண்ணின சாஸ், தக்காளி, பார்ஸ்லின்னு கொத்தமல்லி மாதிரி ஒரு தழை, சுமாக் போட்ட வெங்காயம். நிறைய கடைல ஷவர்மா கம்பி சாயந்திரத்துக்கு மேலதான் சுத்த ஆரம்பிக்கும், மத்தியானம் போய் ஏமாறாதீங்க. கூட்டமா இருக்கிற கடைல ஏழு எட்டு மணிக்கு மேல போங்க, கம்பில கறி வேகமா தீருற கடைலதான் வெந்த பக்கம் மட்டும் சீவி சூடா கிடைக்கும், ஆளில்லாத கடைல வெட்டிப் போட்டது தட்டுலயே காஞ்சுட்டு கிடக்கும்.

இப்ப உக்காந்து சாப்பிடற ரெஸ்டாரன்ட்

ஒன்பது மணிக்கு மேலதான் லெபனான்காரங்க வர ஆரம்பிப்பாங்க, குடும்பத்தோட நிம்மதியா சாப்பிடணும்னா ஏழரை மணிக்குப் போங்க. தனியா போகாதீங்க, நாலு பேர் சேர்ந்து போங்க, ரெண்டு பேர்னா தட்டு எண்ணிக்கை கம்மியாகி ருசி பாக்கறதே கஷ்டமாயிரும்.

உக்காந்ததும் கேக்காமலே சில சாமான் வரும். ரொட்டி, ஊறுகாய், ஆலிவ், பழைய ஸ்டைல் கடைன்னா முழு லெட்டூஸ், வெள்ளரிக்கா, தக்காளி, முள்ளங்கி, புதினா, பச்சை மிளகான்னு ஒரு தட்டு நிறைய பச்சைக் காய்கறி. ரோஸ் கலர்ல நீளமா இருக்கற ஊறுகாய் டர்னிப், பீட்ரூட் போட்டு கலர் ஏத்தினது, மாங்கா ஊறுகாய் காரத்த எதிர்பார்த்து வாயில போடாதீங்க, வெறும் உப்பும் புளிப்பும்தான். இதெல்லாம் நிறைய இடத்துல இலவசம், ஆனா சில இடத்துல பில்லுல வரும், "இது காம்ப்ளிமென்ட்ரியா"ன்னு முதல்லயே கேட்டுருங்க, யாரும் ஒன்னும் நினைக்க மாட்டாங்க. தண்ணியும் அப்படித்தான், பெரிய கண்ணாடி பாட்டில் தானா வந்து திறந்துருச்சுன்னா அது காசு.

அந்த ரொட்டிதான் முதல் எதிரி. அடுப்புல இருந்து உப்பி வரும், ஆவியோட இருக்கும், பசி நேரம், ஹம்மூஸ் இன்னும் வரல, சும்மா பிச்சுப் பிச்சு வாய்ல போட்டுட்டே இருப்பீங்க. ஒரு ரொட்டிக்கு மேல தொடாதீங்க. சின்னதா பிச்சு மடிச்சு கரண்டி மாதிரி கோரி எடுக்கறதுக்குத்தான் அது. கை வச்சு சாப்பிடற நமக்கு இது சட்டுனு பழகிரும், ஒரே வித்தியாசம் பொதுத் தட்டுல இருந்து நேரா எடுக்கறதால கடிச்ச ரொட்டிய திரும்ப அதுல விடக்கூடாது.

நாலு பேருக்கு என்ன சொல்றதுன்னா, குளிர்ந்த மெஸ்ஸேல மூணு, ஒரு சாலட், சூடான மெஸ்ஸேல ரெண்டு, அப்புறம் ஒரே ஒரு மிக்ஸ்டு கிரில். இதுக்கு மேல முதல் ரவுண்டுல ஒன்னும் சொல்லாதீங்க, பத்தலன்னா அப்புறம் சொல்லிக்கலாம், அடுப்பு எங்கயும் ஓடிப் போகாது. வெயிட்டர் "இன்னும் ரெண்டு ஹாட் மெஸ்ஸே போடட்டுமா"ன்னு கேப்பார், அவர் வேலை அது, நீங்க சிரிச்சுக்கிட்டே அப்புறம் சொல்றேன்னுடுங்க.

குளிர்ந்ததுல ஹம்மூஸ் கண்டிப்பா. நல்ல ஹம்மூஸ் தட்டு எப்படி இருக்கும்னா, கரண்டியால சுத்தி ஓரத்துல வரப்பு கட்டியிருப்பாங்க, நடுக் குழில ஆலிவ் எண்ணெய் தேங்கியிருக்கும், முழு கொண்டைக்கடலை நாலு கிடக்கும், மேல் பாகம் ஈரமா மினுமினுன்னு இருக்கும். மேல லேசா தோல் கட்டி வெடிச்சிருந்தா ஃபிரிட்ஜ்ல ரொம்ப நேரம் இருந்ததுன்னு அர்த்தம், அந்தக் கடைல மத்த ஐட்டத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோட பாருங்க. அடுத்தது கத்திரிக்கா. இங்க ரெண்டு பேர் குழப்பும், முத்தபல்னா சுட்ட கத்திரிக்காய எள்ளு விழுதோட மசிச்சது, பாபா கனூஜ்னா லெபனீஸ் கடைல பெரும்பாலும் சுட்ட கத்திரிக்காயோட தக்காளி, குடமிளகா, வெங்காயம், மாதுளைச் சாறு காய்ச்சின பாகு எல்லாம் சேர்ந்தது. ஹம்மூஸ்ல ஏற்கனவே எள்ளு விழுது இருக்கறதால நான் அதுகூட பாபா கனூஜ்தான் சொல்வேன், ரெண்டும் ஒரே மாதிரி ஆகாம இருக்கும். மூணாவதா லப்னேயோ முஹம்மராவோ. லப்னே கட்டித் தயிர், பூண்டு போட்டதும் கிடைக்கும். முஹம்மரா அக்ரூட், சிவப்பு குடமிளகா, மாதுளைப் பாகு, லேசா காரம், நம்ம நாக்குக்கு சட்டுனு பிடிக்கும்.

சாலட்ல ஃபத்தூஷா தபூலேவான்னா, முதல் தடவை ஃபத்தூஷ். வறுத்த ரொட்டித் துண்டு மொறுமொறுன்னு இருக்கும், வந்த உடனே சாப்பிடணும், பேசிட்டே இருந்தா ஊறிப் போயிரும். தபூலே முக்கால்வாசி பார்ஸ்லி தழைதான், உடைச்ச கோதுமை பேருக்குத்தான் இருக்கும், தெரியாம போறவங்க "என்னய்யா கீரைய பச்சையா வெட்டி வச்சிருக்கான்"னு சொல்றது சகஜம். லெட்டூஸ் இலைல வச்சு மடிச்சு சாப்பிட்டுப் பாருங்க, ரெண்டாவது தடவைல பிடிச்சுரும்.

சூடானதுல காரம் வேணும்னா பத்தாத்தா ஹர்ரா, பொரிச்ச உருளைக்கிழங்க பூண்டு, கொத்தமல்லி, மிளகா போட்டுப் புரட்டினது. ஒவ்வொரு கடைல காரம் ஒவ்வொரு அளவு, கூட போடச் சொல்லலாம். குழந்தைங்க இருந்தா சீஸ் ரகாகாத், மெல்லிசு மாவுல சீஸ் சுருட்டிப் பொரிச்சது, ஒரு தட்டு நிமிஷத்துல காலி ஆகும். கறி சாப்பிடறவங்க மகானெக்னு சின்ன சாசேஜ், மாதுளைப் பாகுல பிரட்டித் தருவாங்க, இல்லன்னா அதே பாகுல கோழி ஈரல். ஈரல்தான் என் ஓட்டு.

ஒரு எச்சரிக்கை. கிப்பேன்னா உடைச்ச கோதுமையும் கறியும் சேர்த்துப் பிடிச்சுப் பொரிச்ச உருண்டை, அது நல்லாருக்கும். மெனுல "கிப்பே நய்யே"ன்னு இருந்தா அது பச்சைக் கறி. சமைக்காதது. அரைச்ச பச்சை இறைச்சில கோதுமை, மசாலா சேர்த்து ஆலிவ் எண்ணெய் ஊத்தி, புதினா வெங்காயத்தோட தருவாங்க. லெபனான்காரங்களுக்கு அது விசேஷம், நீங்க தெரிஞ்சே சாப்பிட்டா சரி, கிப்பேன்னு நினைச்சு சொல்லிட்டு முழிக்க வேண்டாம்.

கிரில் வரும்போது மேல ஒரு ரொட்டிய போர்வை மாதிரி மூடி அனுப்புவாங்க. அதத் தூக்கி ஓரமா வச்சுறாதீங்க, சில கடைல அதுக்குள்ள மிளகா விழுது தடவியிருப்பாங்க, கறியோட சாறும் கொழுப்பும் அதுலதான் இறங்கியிருக்கும், தட்டுலயே ருசியான பாகம் அது. உள்ள ஷிஷ் தாவூக்னா எலும்பில்லாத சிக்கன், கஃப்தான்னா கொத்துக்கறி கம்பில பிடிச்சது, மூணாவது ஆட்டுக்கறித் துண்டு. பக்கத்துல பார்ஸ்லி, வெங்காயம், சுமாக். சிக்கனுக்கு தூம் தொட்டுக்கோங்க, தூம் பத்தலன்னா கேட்டா இன்னொரு கிண்ணம் வரும். மறுநாள் காலைல மீட்டிங் இருந்தா மட்டும் அளவா. சில கடைல கிரில் கிலோ கணக்குல விப்பாங்க, நாலு பேருக்கு மெஸ்ஸேயோட சேர்த்து அரைக் கிலோலருந்து முக்கால் கிலோ தாராளம்.

மாட்டுக்கறி சாப்பிடாதவங்களும் சைவக்காரங்களும்

மெனுல வெறுமனே "மீட்"னு போட்டிருந்தா ஆடுன்னு முடிவு பண்ணாதீங்க, ஷவர்மால பெரும்பாலும் மாடு, கஃப்தால ரெண்டும் கலந்திருக்கலாம். கனம்னா ஆடு, பகர்னா மாடு, இந்த ரெண்டு வார்த்தையச் சொல்லிக் கேட்டா வெயிட்டருக்கு உடனே புரியும்.

சைவக்காரங்களுக்கு உண்மையச் சொன்னா துபாய்ல நம்ம கடை இல்லாத ஏரியால லெபனீஸ்தான் கதி, அவ்வளவு ஐட்டம் இருக்கு. கொண்டைக்கடலைய அரைச்சு வடை மாதிரி பொரிச்ச ஃபலாஃபெல், ஃபூல்னு சொல்ற மொச்சை மாதிரி பயறு, பீன்ஸ எண்ணெய் தக்காளில வேக வச்ச லூபியே பி ஸேத், அரிசியும் பருப்பும் சேர்த்து மேல கருக வறுத்த வெங்காயம் போட்ட முதர்தரா. ஆனா கேட்டுட்டு சாப்பிட வேண்டியது சிலது இருக்கு. திராட்சை இலைல சுருட்டின வரக் எனப் குளிர்ந்த மெஸ்ஸே பட்டியல்ல இருந்தா அரிசி காய்கறி மட்டும், சூடா வர்றதுல கறி இருக்கும். ஹம்மூஸ் பேரோட "பி லஹ்மே"ன்னு வால் இருந்தா மேல கறி. சமோசா மாதிரி இருக்கற சம்பூசெக் சீஸ்லயும் வரும் கறிலயும் வரும். பருப்பு சூப் பாக்க சாதுவா இருக்கும், அடியில சிக்கன் வேக வச்ச தண்ணி இருக்கான்னு கேட்டுக்கோங்க.

குடிக்கிறதுக்கு, கடைசில இனிப்புக்கு

எலுமிச்சையும் புதினாவும் அரைச்ச ஜூஸ் எங்கயும் ஏமாத்தாது. ஜல்லாப் ஒரு தடவை பாருங்க, திராட்சை பாகும் பன்னீரும் கலந்து மேல பைன் நட்ஸ், கிஸ்மிஸ் மிதக்கும், இனிப்பு ஜாஸ்தி. அய்ரான் உப்பு போட்ட மோர், பெருங்காயம் கறிவேப்பிலைய தேடாம குடிங்க. அராக்னு சோம்பு வாசனை சாராயம் லைசன்ஸ் உள்ள ரெஸ்டாரன்ட்ல மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் ஹோட்டலுக்குள்ள இருக்கறது, தெருக்கடைல கேக்காதீங்க. குடிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு, முதல்ல அராக், அப்புறம் தண்ணி, அது பாலா வெளுக்கும், ஐஸ் கடைசில.

காபி வேணும்னா சர்க்கரை அளவு ஆர்டர் பண்ணும்போதே சொல்லணும், அதக் கூடவே போட்டுக் காய்ச்சறாங்க. கப்புக்கு அடியில வண்டல் இருக்கும், கலக்காம மேலாக்க குடிச்சுட்டு அடிய விட்ருங்க. நிறைய கடைல கடைசில பழத் தட்டோ சின்ன இனிப்போ சும்மாவே தருவாங்க, அதனால டெஸர்ட்ட அவசரப்பட்டு சொல்ல வேண்டாம். குனாஃபான்னு சீஸ் வச்ச சூடான இனிப்பு சாப்பிடணும்னா அதுக்குன்னே இருக்கற இனிப்புக் கடைக்குப் போங்க, திரிப்போலின்னு லெபனான்ல ஒரு ஊரு இனிப்புக்கே பேர் போனது, அந்த ஊர் பேரச் சொல்லி நடத்துற கடைங்க துபாய்ல இருக்கு. சூடா, சீஸ் இழுக்கிற பதத்துல சாப்பிட்டாத்தான் குனாஃபா.

பில், ரமலான், பார்சல்

நடுத்தர ரெஸ்டாரன்ட்ல ஒரு மெஸ்ஸே சுமாரா 20லிருந்து 40 திர்ஹம், மிக்ஸ்டு கிரில் 60லிருந்து 100 வரைக்கும் போகும், ஏரியாவுக்கு ஏத்த மாதிரி மாறும். 2018ல இருந்து 5 சதவீதம் வாட் இருக்கு, மெனு விலைலயே அது சேர்ந்திருக்கணும். ஹோட்டலுக்குள்ள இருக்கற ரெஸ்டாரன்ட்னா முனிசிபாலிட்டி ஃபீஸ் 7 சதவீதம், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்னும் வரும், மெனு கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. சர்வீஸ் சார்ஜ் இல்லாத இடத்துல டிப்ஸ் உங்க இஷ்டம், 10 சதவீதம் வச்சா மரியாதையா இருக்கும். பாட்டு, டான்ஸ் நடக்கற ராத்திரில சில இடத்துல ஆளுக்கு இவ்வளவுன்னு செட் மெனு மட்டும்தான், போன் பண்ணி கேட்டுட்டுப் போங்க. ஆபீஸ் லெபனான்காரரோட போனா பில்லுக்கு அவர் முந்திருவார், நீங்க ஒரு தடவையாவது கை நீட்டாம இருக்காதீங்க.

ரமலான் மாசத்துல பகல்ல சில லெபனீஸ் கடை மூடியிருக்கலாம், இஃப்தாருக்கு, அதாவது நோன்பு திறக்கற நேரத்துக்கு, செட் மெனு போடுவாங்க. முன்னாடியே புக் பண்ணிட்டு சூரியன் மறையறதுக்கு கொஞ்சம் முன்னாடியே போய் உக்காருங்க. மேசைல பேரீச்சம்பழமும் சூப்பும் வந்துட்டாலும் பாங்கு சொல்ற வரைக்கும் கைய வைக்காதீங்க, பக்கத்து மேசைல நோன்பு இருக்கறவங்க காத்திட்டு இருப்பாங்க.

மிச்சம் இருந்தா தயங்காம பார்சல் கேளுங்க, அங்க எல்லாரும் கேப்பாங்க. ஹம்மூஸ், முஹம்மரா, லப்னே மறுநாள் வரைக்கும் ஃபிரிட்ஜ்ல தாங்கும், கிரில் கறிய தவால லேசா சூடு பண்ணி ரொட்டில சுருட்டினா ஆபீஸ் லஞ்ச் முடிஞ்சுது. தூம் தனி டப்பால கேட்டு வாங்கிக்கோங்க, தோசைக்கு தொட்டுக்கிட்டாலும் தப்பில்ல. ஃபத்தூஷ மட்டும் அங்கயே காலி பண்ணிட்டு வாங்க.